ஒன்பது வெற்றி, எழுபத்து மூன்று தோல்வி

2015 நவம்பர் முதல் வாரத்தில் நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்குப் போய் இறங்கினோம். பிலடெல்பியா நகரத்துக்கு வெளியே, கிங் ஆஃப் பிரஷ்யா என்று ராஜகம்பீரமான பெயர் கொண்ட ஊர். பெயரைப் பார்த்து அரண்மனை இருக்குமோ என்று நினைத்தேன். இருந்தது ஒரு மால்தான். ஆனால் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய மால்களில் ஒன்று.

குளிர்காலத்தில் வயசானவர்கள் தெருவில் நடக்க முடியாது, பனியில் வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். அதனால் காலையில் கடைகள் திறப்பதற்கு முன்பே மாலுக்குள் வந்து, மூடிய கடைகளைப் பார்த்துக்கொண்டே நாலு சுற்று நடப்பார்கள். மாப்பிள்ளை ஆபீஸ் போகும் வழியில் என்னையும் அங்கே இறக்கிவிட்டுப் போவார். அங்கே பழக்கமானவர்கள்தான் இந்தக் கட்டுரையில் வரும் மூன்று பெரியவர்கள். ஒருவர் ரிட்டயர் ஆன தபால்காரர். ஒருவர் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மூன்றாமவர் எலக்ட்ரீஷியன். பெயர்கள் வேண்டாம்.

நடந்து முடித்ததும் காபிக்கடை முன்னால் உட்காருவார்கள். உடனே சண்டை ஆரம்பிக்கும். முதல் நாள் ஏதோ சொத்துத் தகராறு என்று பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, பாஸ்கெட்பால். ஊர் அணியான செவன்டி சிக்ஸர்ஸ் அந்த வருஷம் ஆடிய ஆட்டத்தையெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தது. (சிக்ஸர் என்றதும் கிரிக்கெட் நினைவு வரும். இது வேறு. 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் இந்த ஊரில்தான் நிறைவேறியது. அந்த 76-தான் பெயரில் இருப்பது.)

நானும் இளமையில் பாஸ்கெட்பால் ஆடியவன், என் ஆபீஸ் அணியில் ஏழு வருஷம். அதைச் சொன்னதும் எனக்கு நாற்காலி ஒன்று நிரந்தரமாக ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த சீசனில் முதல் 18 ஆட்டமும் தோல்வி. அதற்கு முந்தைய சீசனின் கடைசி 10 தோல்விகளையும் சேர்த்தால் வரிசையாக 28. இத்தனைக்கும் இது திட்டமிட்ட தோல்வி. அங்கே ஒரு முறை உண்டு. கீழே கிடக்கும் அணிகளுக்கு, அடுத்த வருஷம் கல்லூரியிலிருந்து வரும் நல்ல பையன்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே நாலு வருஷம் தோற்றால் பரவாயில்லை, நல்ல விதைநெல்லாகச் சேர்ப்போம் என்று சாம் ஹிங்கி என்ற மேலாளர் முடிவு செய்திருந்தார். 'பிராசஸ்' என்று ரசிகர்களே அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். பாவப்பட்ட ஜனங்கள், டிக்கெட் வாங்கி விதைநெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எலக்ட்ரீஷியனுக்குக் கோச் பிரெட் பிரௌன் மேல் கோபம். "இவன் ஆளை மாத்தி மாத்தி இறக்குறான், யாருக்கும் தன் வேலை என்னன்னே தெரியலை" என்பார். கணக்கு வாத்தியார் விடமாட்டார். ஆள் இருந்தால்தானே மாற்றுவதற்கு? கூடைக்குக் கீழே நிற்கும் நெட்டையர்களாகவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள்: நெர்லன்ஸ் நோயல், ஜலீல் ஓகாஃபோர், காலில் அடிபட்டு இரண்டு வருஷமாக ஆடாமலே இருந்த ஜோயல் எம்பீட். பந்தை மேலே கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்க ஒரு நல்ல ஆள் கிடையாது. எனக்கு நம்மூர்க் கல்யாணச் சமையல் நினைவுக்கு வந்தது. அண்டா மூன்று இருக்கிறது, கரண்டி இல்லை. இதை நான் சொன்னதும் வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் டிசம்பர் 24-ஆம் தேதி, தாங்களே கோடையில் போகவிட்ட இஷ் ஸ்மித் என்ற ஆட்டக்காரரை, வருங்காலத் தேர்வு வாய்ப்புகள் இரண்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தார்கள். கரண்டியை விற்றுவிட்டு மறுபடி அதிக விலைக்கு வாங்கிய கதை.

தபால்காரர் மட்டும் இதிலெல்லாம் அதிகம் கலந்துகொள்ள மாட்டார். காபியை ஊதிக் குடித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு தோல்வியா? நீங்க 72-ஐ மறந்துட்டீங்க" என்பார். சொன்ன மாத்திரத்தில் மற்ற இருவரும் பிரௌனை விட்டுவிட்டு 1972-க்குத் தாவிவிடுவார்கள். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தின ஒரு சீசனைப் பற்றி, நேற்று நடந்தது போலச் சண்டை. அந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு, ஊர் நூலகத்தில் புத்தகங்களையும் புரட்டி, நான் தெரிந்துகொண்ட சரித்திரம்தான் மேலே எழுதப்போவது.

1972-73 சீசனில் செவன்டி சிக்ஸர்ஸ் 82 ஆட்டம் ஆடி, 9-இல் வென்று 73-இல் தோற்றது.

இந்த எண்ணின் முழு அர்த்தம் தெரிய வேண்டுமானால் ஆறு வருஷம் பின்னால் போகவேண்டும். 1966-67-இல் இதே அணி 68 வெற்றி, 13 தோல்வி. பாஸ்டன் அணி வரிசையாக எட்டு வருஷம் வைத்திருந்த கோப்பையை அவர்களிடமிருந்து பறித்த அணி. நடுவில் நின்றவர் வில்ட் சேம்பர்லின், 7 அடி 1 அங்குலம், பிலடெல்பியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர். கூட ஹால் கிரீர், செட் வாக்கர், லூஷியஸ் ஜாக்சன், வாலி ஜோன்ஸ். ஆறாவது ஆளாக வெளியிலிருந்து வந்தவர் பில்லி கன்னிங்ஹாம். ஆறாவது ஆளே அப்படி என்றால் அணியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கணக்கு வாத்தியார் இந்த ஆறு பெயரையும் சுலோகம் மாதிரி ஒப்பிப்பார்.

அந்த வீடு எப்படிக் காலியானது என்பதுதான் கதை. 1968-இல் பாஸ்டனிடம் 3-1 என்று முன்னிலையில் இருந்து, அடுத்த மூன்று ஆட்டமும் தோற்று வெளியேறினார்கள். கோச் அலெக்ஸ் ஹானம் விலகினார். சேம்பர்லினும் போகவேண்டும் என்றார். அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து மூன்று பேரை வாங்கினார்கள். ஒரு யானையை விற்று மூன்று ஆடு வாங்கினால் எண்ணிக்கை கூடும். மறு வருஷம் செட் வாக்கர் சிகாகோவுக்குப் போனார். பதிலுக்கு வந்த ஜிம் வாஷிங்டன் அவருக்கு ஈடாகவில்லை. லூஷியஸ் ஜாக்சனுக்குக் குதிகால் தசைநார் அறுந்து, ஆட்டமே படிப்படியாக முடிந்துபோனது. வாலி ஜோன்ஸ் மில்வாக்கிக்குப் போனார். கல்லூரியிலிருந்து வருஷா வருஷம் தேர்ந்தெடுத்த புதுப் பையன்களும் தேறவில்லை.

வெற்றிக் கணக்கு இப்படி இறங்கியது: 1968-69-இல் 55, பிறகு 42, பிறகு 47, 1971-72-இல் 30. இந்த நாலு வருஷமும் கோச் ஒருவரே, ஜாக் ராம்சே. கல்வியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், 'டாக்டர் ஜாக்' என்றே கூப்பிடுவார்கள். மேலே சொன்ன பேரங்கள் பலவற்றில் மேலாளராகக் கையெழுத்திட்டவரும் அவரே. 1972-இல் அவர் பஃபலோ அணிக்கு கோச்சாகப் போய்விட்டார். அதே கோடையில் கன்னிங்ஹாமும் போனார். போட்டி லீக் ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. அதில் கரோலைனா அணிக்கு மூன்று வருஷம் முன்பே ஒப்பந்தம் போட்டிருந்தார். போகும்போது ஆட்டத்துக்குச் சராசரி 23 புள்ளியையும் 12 ரீபவுண்டையும் கையோடு கொண்டுபோனார். (கூடையில் விழாமல் தெறித்து வரும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட். எந்த அணியும் அதில்தான் பிழைக்கும்.) கோப்பை வென்ற அந்த ஆறு பேரில் மிஞ்சியது ஹால் கிரீர் ஒருவர்தான். அவருக்கு வயது 36.

இந்த நிலைமையில் கோச் வேண்டும். பெயர் பெற்ற கல்லூரி கோச்சுகளான அடால்ஃப் ரப், அல் மக்வையர் இருவரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை முதலில் தபால்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள்! 'கோச் தேவை' என்று. நம்மூரில் டிரைவர் தேவை, சமையலுக்கு ஆள் தேவை என்று போடுவது மாதிரி. அப்படி வந்து சேர்ந்தவர்தான் ராய் ரூபின். நியூயார்க்கில் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் 11 வருஷம் கோச்சாக இருந்தவர், அங்கே நல்ல பெயர் எடுத்தவர். தொழில்முறை அணியில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. மூன்று வருஷ ஒப்பந்தம்.

கல்லூரி ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை எலக்ட்ரீஷியன்தான் எனக்கு அழகாக விளக்கினார். கல்லூரியில் அப்போதெல்லாம் வருஷத்துக்கு முப்பது ஆட்டம்கூட வராது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பயிற்சிக்கு நாள் இருக்கும். பையன்கள் கோச் சொன்னால் தலையாட்டுவார்கள், படிப்புக்கான உதவித்தொகை அவர் கையில். தொழில்முறையில் 82 ஆட்டம். இன்று இந்த ஊர், நாளை வேறு ஊர், விமானம், ஹோட்டல். பயிற்சிக்கே நேரம் இருக்காது. ஆட்டக்காரனின் ஒப்பந்தம் கோச்சுடையதைவிட நீளமாக இருக்கும், சம்பளமும் அதிகமாக இருக்கும். அவன் ஏன் பயப்படவேண்டும்?

முதல் 15 ஆட்டமும் தோல்வி. பதினாறாவதில்தான் முதல் வெற்றி. சீசன் தொடங்கிச் சில வாரங்களிலேயே பில் பிரிட்ஜஸ், மெல் கவுண்ட்ஸ் என்ற இரண்டு அனுபவசாலிகளை லேக்கர்ஸுக்குக் கொடுத்து லீராய் எல்லிஸ், ஜான் ட்ராப் இருவரையும் வாங்கினார்கள். நடுவில் நின்று மலை மாதிரி தாங்க வேண்டிய இடத்தில் 32 வயது எல்லிஸ், உயரம் உண்டு, உடம்பு கிடையாது. கரீம் அப்துல் ஜப்பாரை அவர் தடுக்கவேண்டும்! பந்து கொண்டுபோகும் பொறுப்பு ஃப்ரெட் பாய்ட் என்ற முதல் வருஷப் பையனிடம். எதிரில் வால்ட் ஃப்ரேசியர், ஜெர்ரி வெஸ்ட் மாதிரியான ஆட்கள். ஃப்ரெட் கார்ட்டர் என்பவர் மட்டும் சளைக்காமல் ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். அணியிலிருந்து ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர் ஜான் பிளாக் ஒருவர்தான். அவரையும் கொஞ்ச நாளிலேயே வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹால் கிரீர், அணியின் சரித்திரத்திலேயே அதிகப் புள்ளி எடுத்த மனிதர், பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த வருஷத்தோடு ஓய்வு.

பிலடெல்பியா ரசிகர்கள் சாதுக்கள் அல்ல. 1968 டிசம்பரில் தங்கள் ஃபுட்பால் அணி மேல் இருந்த கோபத்தில், மைதானத்துக்குள் வந்த கிறிஸ்துமஸ் தாத்தா மேலேயே பனிக்கட்டி உருண்டைகளை எறிந்த ஊர். ஆனால் 72-73-இல் கூச்சல் போடக்கூட ஆள் வரவில்லை என்றார் தபால்காரர். அப்போது அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞர். ஸ்பெக்ட்ரம் அரங்கத்தில் மிக மலிவான டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், இரண்டாவது கால்பகுதிக்குள் முன்வரிசைக்கு வந்துவிடுவாராம். யாரும் கேட்க மாட்டார்கள். அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருந்ததால், ஓய்வு நேரத்தில் கோச் பேசும்போது ஆட்டக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். அதனால் அவர் கட்சி: குற்றவாளி ரூபின்.

ஜனவரியில் ரூபினை நீக்கினார்கள். அவர் கணக்கு 4 வெற்றி, 47 தோல்வி. அணியிலேயே ஆடிக்கொண்டிருந்த கெவின் லாக்ரி என்பவரை ஆட்டக்காரர்-கோச் ஆக்கினார்கள். அவர் வந்தும் உடனே 11 தோல்வி, முன்னதையும் சேர்த்து வரிசையாக 20. பிறகு பிப்ரவரியில் ஒரு அதிசயம் நடந்தது. 7 ஆட்டத்தில் 5 வெற்றி. கரீம் இருந்த மில்வாக்கியையே அடித்தார்கள். ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. தபால்காரர் இந்த இடத்தில் மேஜையைத் தட்டுவார்: "பார்த்தீங்களா, கோச்சை மாத்தினதும்!" கணக்கு வாத்தியார் அசையமாட்டார். "மிச்சத்தையும் சொல்லு" என்பார். மிச்சம் என்னவென்றால், கடைசி 13 ஆட்டமும் தோல்வி. லாக்ரியின் கணக்கு 5 வெற்றி, 26 தோல்வி.

வாத்தியாரின் வாதம் சுலபமானது. ரூபின் பத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. லாக்ரி ஆறில் ஒன்று ஜெயித்தார். வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாக்ரியே முழு சீசனும் இருந்திருந்தால் 13 வெற்றி வந்திருக்கும். 13-க்கும் 69 தோல்வி. அதற்கு யார் சிலை வைப்பார்கள்?

எலக்ட்ரீஷியன் இருவரையும் ஏற்கமாட்டார். அவருக்கு எல்லாம் கன்னிங்ஹாம் செய்த துரோகம். அவர் இருந்திருந்தால் 30-ஆவது வந்திருக்கும் என்பார். அதுவும் பொய்யில்லை. முந்தைய வருஷம் அவர் இருந்தபோது வந்தது சரியாக 30. போன இடத்தில் முதல் வருஷமே லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டத்தையும் வாங்கினார்.

நான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்த ஆட்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடினேன். அங்கேதான் எனக்குத் தூக்கம் போனது.

முதலில் லாக்ரி. 5-26 என்ற கணக்கோடு வெளியேறியவர், அடுத்த வருஷமே போட்டி லீக்கில் நியூயார்க் நெட்ஸ் அணிக்கு கோச் ஆனார். அங்கே ஜூலியஸ் எர்விங் இருந்தார். அந்த வருஷமே, 1974-இல், கோப்பை. 1976-இல் இன்னொன்று. ஒரே வருஷத்தில் மனிதருக்கு மூளை வளர்ந்துவிட்டதா என்ன?

ராம்சேயை எடுத்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியா 9-73 ஆடிய அதே சீசனில் அவருடைய பஃபலோ அணி 21-61. டாக்டர் பட்டம் கைகொடுக்கவில்லை. அடுத்த வருஷம் பாப் மக்காடூ என்ற பையன் தலையெடுத்ததும் 42-40. பிறகு போர்ட்லண்ட் அணிக்குப் போனார். 1977 இறுதிப் போட்டிக்கு பிலடெல்பியா வந்தது. இதற்குள் எர்விங் இங்கே வந்துவிட்டார். கூட டக் காலின்ஸ். (1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்கா-சோவியத் இறுதியாட்டத்தின் கடைசி மூன்று விநாடிக் கூத்து நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தின கணத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு அமெரிக்காவை 50-49 என்று முன்னுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். 9-73-க்குப் பரிசாக, முதல் தேர்வாக பிலடெல்பியாவுக்குக் கிடைத்தவர்.) முதல் இரண்டு ஆட்டத்தையும் பிலடெல்பியா வென்றது. அடுத்த நாலையும் தோற்றது. எதிரணி போர்ட்லண்ட். அதன் கோச் ஜாக் ராம்சே. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன அதே மனிதர், திரும்பி வந்து வாசலில் நின்று கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் போர்ட்லண்டில் அவருக்கு பில் வால்டன் இருந்தார்.

எலக்ட்ரீஷியன் திட்டும் கன்னிங்ஹாம் 1974-இல் திரும்பி வந்தார். முழங்கால் போய் ஆட்டம் முடிந்தது. 1977-இல் அதே அணிக்குக் கோச் ஆனார். 1983-இல் மோசஸ் மலோன், எர்விங் இருவரையும் வைத்துக்கொண்டு லேக்கர்ஸை 4-0 என்று துடைத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தோல்வி அணியின் தூண் ஃப்ரெட் கார்ட்டர்கூட 1990-களில் அதே அணிக்குக் கோச் ஆகி, 32 வெற்றி, 76 தோல்வி என்று முடித்தார்.

ஆக எல்லோருக்கும் இன்னொரு அணி கிடைத்தது. கிடைத்த அணிக்கேற்ப அவர்கள் கெட்டிக்காரர்களாகவும் மக்காகவும் மாறி மாறித் தெரிந்தார்கள். ராய் ரூபினுக்கு மட்டும் கிடைக்கவில்லை. தொழில்முறைக் கூடைப்பந்தில் அவர் கணக்கு அந்த 51 ஆட்டத்தோடு சரி. பிறகு ஃபுளோரிடாவில் பான்கேக் உணவகம் நடத்தினார். நம்மூர் ஊத்தப்பத்தின் இனிப்புச் சகோதரன்தான் பான்கேக். 11 வருஷம் கல்லூரியில் ஜெயித்தது யாருக்கும் நினைவில்லை. 4-47 மட்டும் நிலைத்துவிட்டது.

அவர் நல்ல கோச் என்று நான் வாதாடவில்லை. தபால்காரர் முன்வரிசையிலிருந்து பார்த்ததைப் பொய் என்று சொல்ல நான் யார்? அந்த வேலைக்கு அவர் பொருத்தமில்லாதவராகவே இருந்திருக்கலாம். ஆனால் பேப்பர் விளம்பரம் கொடுத்துத்தான் கோச் பிடிக்க வேண்டும் என்ற நிலைமைக்கு அணியைக் கொண்டுவந்தது அவர் இல்லை. அவர் உள்ளே வரும்போதே அண்டாவும் இல்லை, கரண்டியும் இல்லை.

எனக்கு ஏன் இது உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1970-களின் கடைசியில் எங்கள் ஆபீஸ் அணி ஒரு வருஷம் முழுக்கத் தோற்றது. எங்கள் கோச் ராணுவத்திலிருந்து வந்தவர், ஆபீஸில் தபால் அனுப்பும் பிரிவில் உட்கார்ந்திருப்பார். 'மாஸ்டர்' என்று கூப்பிடுவோம். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கவேண்டும், ஒரு நிமிஷம் தாமதமானாலும் ஐந்து சுற்று. அந்த வருஷம் எங்கள் அணியின் ஒரே ஆறடி மூன்றங்குலக்காரர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்குப் புதுக் கல்யாணம், காலையில் வருவதே இல்லை. எனக்கே கணுக்கால் வீக்கம். இதில் எதையும் நாங்கள் பேசவில்லை. மாஸ்டர் பழைய முறையில் ஆடவைக்கிறார், அதனால்தான் தோல்வி என்று டீக்கடையில் முடிவு செய்தோம். மேலே மனு போனது. ஒன்பது கையெழுத்து. வாசகம் என்னுடையது, இங்கிலீஷ் நன்றாக எழுதுவேன் என்று என்னிடம் கொடுத்தார்கள். நானும் ரசித்து ரசித்து எழுதினேன்.

அவரை எடுத்துவிட்டார்கள். புது கோச் வந்தார். அடுத்த வருஷமும் தோற்றோம்.

மாஸ்டர் அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்து தபால்களுக்கு முத்திரை போட்டுக்கொண்டிருந்தார். என் மகள் பிறந்தபோது நான் கொடுத்த சாக்லேட்டை வாங்கிக்கொண்டு, "என்ன பேர் வச்சிருக்கே தம்பி?" என்று கேட்டார். மனுவின் நகல் அவருக்குக் காட்டப்பட்டதா, அதன் இங்கிலீஷ் யாருடையது என்று தெரிந்திருக்குமா என்பதை நான் கேட்டதில்லை. இந்த மால் பெஞ்சில் உட்கார்ந்து 4-47 பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம் அந்த முத்திரைச் சத்தம் காதில் விழுந்தது.

2015-க்குத் திரும்புகிறேன். டிசம்பர் முதல் தேதி ஒருவழியாக ஒரு வெற்றி. லேக்கர்ஸை 103-91 என்று அடித்தார்கள். பிலடெல்பியாக்காரரான கோபி பிரையண்ட் சொந்த ஊரில் ஆடிய கடைசி ஆட்டம் அது. அடுத்து மறுபடி தோல்வி, 1-30 வரை போனது. இந்த லட்சணத்தில் டிசம்பரிலேயே கோச் பிரௌனுக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்! எலக்ட்ரீஷியன் அன்று காபி குடிக்கவில்லை. வாத்தியார் மட்டும், "இந்தத் தடவை யாரைக் குறை சொல்லணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். அவர் சொன்னது பலித்தது. ஏப்ரலில் மேலாளர் ஹிங்கி 13 பக்கக் கடிதம் எழுதி வைத்துவிட்டு விலகினார். பிரௌன் இருந்தார். எம்பீட் குணமாகி வந்து, பென் சிம்மன்ஸும் சேர்ந்த பிறகு, 2017-18-இல் அதே பிரௌன், அதே விசில், 52 வெற்றி, 30 தோல்வி.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அது யாருக்குத் தெரியும்? மார்ச்சில் அணி 9 வெற்றியில் வந்து நின்றுவிட்டது. எங்கள் மேஜையில் ஒரே பதற்றம். பழைய கணக்கு சமனாகுமா, உடையுமா? 2011-12-இல் சார்லட் அணி 7 வெற்றி, 59 தோல்வி என்று முடித்ததுண்டு. ஆனால் சம்பளத் தகராறில் அந்த வருஷம் 66 ஆட்டம்தான், அது செல்லாது என்பது தபால்காரரின் தீர்ப்பு. முழு 82 ஆட்டத்தில் 9-க்குக் கீழே அதுவரை யாரும் போனதில்லை.

மார்ச் 29 இரவு, அதே சார்லட் அணியை 100-85 என்று அடித்து 10-ஆவது வெற்றி.

மறுநாள் காலையில் நான் மாலுக்குப் போனபோது தபால்காரர் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் ஒரு டஜன் டோனட். ஜெயித்ததற்கா என்று கேட்டேன்.

"இல்லை. 9-73 எங்க கிட்டயே இருக்கு. அதுக்கு" என்றார். பெட்டியைத் திறந்து முதல் டோனட்டை எனக்கு நீட்டினார்.

எனக்கு சர்க்கரை. பாதி சாப்பிட்டேன்.